டார்ச் அடித்த போனும் படம் பிடிக்கும் போனும்

"சார், எனக்கு வயது 61. தருமபுரத்தில் ஆறு மா சாகுபடி செய்கிறேன். பல வருஷமாக வைத்திருந்த பட்டன் போன் இந்த நடவில் சேற்றில் விழுந்து வீணாகிவிட்டது. மகன் டச் போன் வாங்கித் தருகிறேன் என்கிறான். எனக்கு மறுபடியும் பட்டன் போன்தான் வேண்டும். இதனால் வீட்டில் தினமும் சண்டை. விவசாயிக்கு எது நல்லது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தருமபுரம், காரைக்கால்

பூச்சி, உரம், விதைநெல் என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒரு கேள்வி. படித்ததும் சிரித்துவிட்டேன். ஏனென்றால் இதே சண்டை எங்கள் வீட்டிலும் உண்டு. என் மேஜை இழுப்பறையில் ஒரு நோக்கியா 1100 கிடக்கிறது. "அதைத் தூக்கிப் போடுங்கப்பா" என்று மகள் சொல்லும்போதெல்லாம் நான் இழுப்பறையை மூடிவிடுவேன். ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை, நானும் ஒரு கட்சிக்காரன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காரைக்காலில் போன் என்றால் மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துதான். பிரான்ஸில் இருக்கும் மகனோடு பேச, ஞாயிற்றுக்கிழமை நல்ல சட்டை போட்டுக்கொண்டு பூத் வாசலில் காத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். விவசாயிக்குச் சந்தேகம் வந்தால் சைக்கிளில் இலையை மடித்து எடுத்துக்கொண்டு உழவர் உதவியகத்துக்கு வருவார். நான் வெளியே போயிருந்தால் மேஜை மேல் இலையை வைத்துவிட்டு, சீட்டில் ஊர் பேர் எழுதிவிட்டுப் போவார். நான் வந்து பார்க்கும்போது இலை சுருண்டிருக்கும், என்ன நோய் என்று சொல்ல முடியாது.

செல்போன் வந்த புதிதில் நமக்கு அழைப்பு வந்தாலும் காசு, நாம் அழைத்தாலும் காசு. 2003 மே மாதம்தான் உள்வரும் அழைப்பு இலவசம் ஆனது. அதே ஆண்டின் கடைசிப் பகுதியில் வந்தது நோக்கியா 1100. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. பட்டன்கள் ஒரே ரப்பர் தகடாக இருக்கும், புழுதி உள்ளே போகாது. பக்கவாட்டில் சொரசொரப்பு இருப்பதால் ஈரக்கையில் வழுக்காது. தலையில் ஒரு டார்ச். கேமரா கிடையாது, ரேடியோகூடக் கிடையாது. அந்த டார்ச்சைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

பேச மட்டும் தெரிந்த அந்தப் போனை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா? மிஸ்டு கால் ஒரு தனி பாஷையாகவே இருந்தது. ஒரு ரிங் வந்தால் மும்முனை கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடப் போகலாம். இரண்டு ரிங் வந்தால் சாப்பாடு கொண்டு வா. பைசா செலவில்லை. மேட்டூர் திறந்த பிறகு, அரசலாற்றில் தண்ணீர் எங்கே வருகிறது என்று கும்பகோணம் பக்கத்துச் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு நாற்றங்காலுக்கு நாள் குறித்தவர்கள் உண்டு. கடைமடைக்காரனுக்கு அந்த ஒரு தகவல் எவ்வளவு பெரிது என்பது கடைமடைக்காரனுக்குத்தான் தெரியும்.

கேரளத்தில் இதை ஒருவர் கணக்கெடுத்தே பார்த்தார். அங்கே 1997 முதல் 2001 வரை கடலோர மாவட்டங்களுக்குச் செல்போன் வந்தபோது, மத்தி பிடிக்கும் மீனவர்கள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் விலை நன்றாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-ல் இதை எழுதினார். வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டுவது நின்றது. மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. அதெல்லாம் படம் எடுக்கத் தெரியாத போன்கள்தான்.

இப்போது டார்ச் விஷயத்துக்கு வருகிறேன்.

2006-ம் வருஷம் என்று ஞாபகம், மார்கழி மாதம். இரவு எட்டு மணி இருக்கும். ஒரு அம்மா போன் செய்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன 1100 அது. "சார், வயல்ல நடுவுல மஞ்சளா நிக்குது. கடையில ஒரு மருந்து எழுதிக் குடுத்துருக்காங்க, காலையில அடிக்கவா?" என்றார். வயலைப் பார்க்காமல் நான் என்ன சொல்ல? அதனால் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். மஞ்சள் வயல் முழுக்கவா, திட்டுத்திட்டாகவா? திட்டு என்றால் வட்டமாகவா? வரப்போரமா, நடுவிலா? அடி இலை மஞ்சளா, குருத்து மஞ்சளா? தண்ணீர் எத்தனை நாளாக நிற்கிறது? கடைசியாக யூரியா எப்போது போட்டீர்கள்?

பாதிக் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. "இருங்க சார், பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருந்த வயலுக்கு அந்த இருட்டிலேயே இறங்கிவிட்டார். பத்து நிமிஷம் கழித்து மறுபடி போன். "குத்தை ரெண்டா விலக்கிப் பாருங்க, தண்ணி மட்டத்துக்கு மேல, அடித்தூர்ல" என்றேன். போனைக் காதிலிருந்து எடுத்து டார்ச்சை அடித்திருக்கிறார். தூரத்தில் அவர் குரல் கேட்டது: "அய்யய்யோ, கொசு மாதிரி அப்பிக் கெடக்கு சார்!"

புகையான். கடைக்காரர் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். செயற்கை பைரித்ராய்டு வகை. அதை அடித்திருந்தால் சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, புகையான் மேலும் பெருகியிருக்கும். அன்று இரவே வாய்க்கால் மடையை வெட்டித் தண்ணீரை வடிக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் நேரில் போய்ப் பார்த்து, எந்த மருந்தை எப்படி அடித்தூரில் படும்படி அடிப்பது என்று காட்டினேன். இரண்டு திட்டு காய்ந்தது, மற்றது தப்பியது.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அதே மார்கழி. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மூன்று மா குத்தகைக்குச் செய்யும் ஒரு தம்பி. வரப்பில் நின்று எடுத்த படம். மேலே மஞ்சளான இலைகள், பின்னால் அழகாகச் சாயங்கால வெளிச்சம். கீழே ஒரே வரி: "சார் என்ன மருந்து?" அன்றைக்கு அப்படி இருபது படம் வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடி இலைகள் வெளுத்திருப்பது போலத் தெரிந்தது. 'தழைச்சத்துக் குறை மாதிரி இருக்கு. யூரியாவும் பொட்டாஷும் கலந்து மேலுரமா போடுங்க' என்று தட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். அவர் ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார்.

எட்டு நாள் கழித்து அவர் நேரிலேயே வந்துவிட்டார். வயலில் போய் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று மாவில் ஒரு மா அளவுக்கு, தீ வைத்ததுபோல வட்ட வட்டமாகக் காய்ந்து கிடந்தது. புகையானுக்கு யூரியா போடுவது நெருப்புக்கு நெய் ஊற்றுவது என்று நானே எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பேன்! அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னதைத்தான் சார் செஞ்சேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. குத்தகை நெல்லை அந்த வருஷம் அவர் வெளியில் வாங்கித்தான் அளந்தார்.

படத்தில் பொய் இல்லை. ஆனால் புகையான் இருப்பது அடித்தூரில், படம் எடுத்தது இலை நுனியில். பழைய போனாக இருந்திருந்தால், எனக்கு எதுவும் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருக்கும். அதனால் கேட்டிருப்பேன். நான் கேட்டால் அவர் குனிந்து பார்த்திருப்பார். படம் வந்ததால் நான் பார்த்துவிட்டதாக நானும், காட்டிவிட்டதாக அவரும் நினைத்துக்கொண்டோம்.

தருமபுரம் வாசகரே, உங்கள் ஊர்க் கோயில் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. சம்பந்தர் பாடிய பதிகம் தன் யாழில் அடங்கவில்லை என்று திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனார், சம்பந்தர்தான் தடுத்தார் என்பார்கள். அந்த ஒரு மா காய்ந்த அன்று எனக்கும் போனைத் தூக்கி வாய்க்காலில் போடலாம் போலத்தான் இருந்தது. போடவில்லை. காரணம், ஒழுங்காகப் பயன்படுத்தினால் இந்த டச் போன் 1100-ஐவிட நூறு மடங்கு வேலை செய்யும்.

அதற்குப் பிறகு என்னிடம் படம் அனுப்புகிறவர்களிடம் நான் வைத்திருக்கும் ஏற்பாடு இது. ஒரு படம் போதாது, மூன்று வேண்டும். முதலில் வரப்பில் நின்று முழு வயல், திட்டாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்று தெரிய. அடுத்து ஒரு குத்து முழுதாக, அடியிலிருந்து நுனி வரை. மூன்றாவது, குத்தை விலக்கி அடித்தூர். இலை நோய் என்றால் பாதித்த இலையை ஒரு வெள்ளைத்தாள் மேல் வைத்து, காலை எட்டு ஒன்பது மணி வெளிச்சத்தில் எடுங்கள். இரவு பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லா இலையும் வெளுப்பாகத்தான் தெரியும். படம் அனுப்பிவிட்டு ஒரு போன் போடுங்கள். நான் கேட்கும்போது நீங்கள் வயலில் நிற்க வேண்டும், டீக்கடையில் அல்ல. சிக்னல் நன்றாக இருந்தால் வீடியோ காலே சிறந்தது. "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று சொல்லி உங்களைத் தூர் வரை குனிய வைத்துவிடுவேன். அந்த அம்மா டார்ச்சில் பார்த்ததை இப்போது நானும் சேர்ந்து பார்க்கலாம்.

அப்படியும் படத்தில் தெரியாதவை உண்டு. இலை ஓரம் நெளிநெளியாகக் காய்ந்தால் பாக்டீரியா இலைக்கருகல் என்று சந்தேகப்படலாம். உறுதி செய்ய, பாதித்த இலையை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி நிறுத்துங்கள். சற்று நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்போலக் கசிந்தால் அதுதான். தழைச்சத்துக் குறை என்றால் அடி இலையில் மஞ்சள் தொடங்கும். இரும்பு, கந்தகக் குறை என்றால் இளம் இலையில் தொடங்கும். நம் கடலோர நிலத்தில் உப்பு ஏறினால் நுனி வெளுத்துக் காயும். போனில் எல்லாம் ஒரே மஞ்சள்தான். புகையானை எண்ணித்தான் பார்க்க வேண்டும்: தூருக்கு ஒன்று என்ற அளவு வந்தால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நட்டிருந்தால் இந்த வேலையே பாதி குறையும்.

படத்தை வைத்து நோய் சொல்லும் செயலிகளும் வந்திருக்கின்றன. ஜெர்மனியில் உருவான பிளாண்டிக்ஸ் நம் ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. நானும் வைத்திருக்கிறேன். இலையில் தெரியும் புள்ளிக்கு அது உதவும். வரப்பில் நின்று படம் எடுத்தால் அதுவும் என்னைப்போலத்தான் ஏமாறும்.

சார்ஜ் விஷயத்தில் பட்டன் போன் கட்சிக்கு நான் முழு ஓட்டுப் போடுகிறேன். 1100-ல் இருந்த பி.எல்.-5சி பேட்டரி 850 மில்லி ஆம்பியர்தான். ஐந்தாறு நாள் தாங்கும். இன்று 5000 மில்லி ஆம்பியர் பேட்டரி போட்ட போன் சாயங்காலமே சுவரைத் தேடுகிறது. பெரிய திரையும் இணையமும் தின்கின்றன. அந்த பி.எல்.-5சி இன்னும் சாகவில்லை, சந்தையில் விற்கும் குட்டி ரேடியோக்களுக்குள் அதே பேட்டரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தபோது காரைக்காலும் தப்பவில்லை. கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் டச் போன்கள் எல்லாம் அன்று மாலைக்குள் அணைந்துவிட்டன. நான் பெருமையாக இழுப்பறையைத் திறந்து 1100-ஐ எடுத்து சிம் போட்டேன். பேட்டரி நாலு கோடு காட்டியது. சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. போனுக்கு உயிர் இருந்தது, டவருக்கு இல்லை. கடைசியில் தகவல் சொன்னது ரேடியோதான். அதனால் எந்தப் போன் வாங்கினாலும் வீட்டில் ஒரு ரேடியோ வையுங்கள்.

புயலுக்கு முன்னால் எச்சரிக்கை பெற டச் போன்தான் மேல். காரைக்காலிலேயே வானிலைத் துறையின் ரேடார் இருக்கிறது, அதன் படத்தைப் போனிலேயே பார்க்கலாம். மருந்து அடிக்கும் முன், அறுப்பு மிஷினுக்குச் சொல்லும் முன், நான் தினம் பார்க்கிறேன். இடிமின்னலுக்கு 'தாமினி' என்ற செயலி உண்டு. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் விழுவதைக் காட்டும். வெட்டவெளியில் மண்வெட்டியோடு நிற்கிறவனுக்கு இது உயிர் விஷயம், இலவசம் வேறு.

வந்த எச்சரிக்கையை நாலு பேருக்குச் சொல்லவும் வேண்டும். 2004 சுனாமி அன்று புதுச்சேரியின் நல்லவாடு மீனவ கிராமத்துக்கு சிங்கப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை டி.வி.யில் செய்தி பார்த்துவிட்டு அழைத்திருந்தார். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். நம் காரைக்கால் கரையில் அன்று எத்தனை உயிர் போயிற்று என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, தீர்ப்பு. மகன் சொல்வதற்கும் நீங்கள் சொல்வதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. உங்கள் மடியில் 4ஜி பட்டன் போன் இருக்கட்டும். ஆதார், வங்கி, பி.எம். கிசான் எல்லாவற்றுக்கும் கொடுத்த நம்பர் அதில் இருக்கட்டும். 4ஜி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய 2ஜி போனில் ஜியோ சிம் வேலையே செய்யாது. அது தெரியாமல் வாங்கிவிட்டு என்னிடம் வந்து கோபித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். டார்ச் இருக்கிறதா என்று கடையிலேயே அடித்துப் பாருங்கள். டச் போனை மகன் வாங்கட்டும், ஆனால் அதைக் குடும்பத்துக்குப் பொதுவாக வையுங்கள். விலை அதிகம் வேண்டாம். படம் தெளிவாக விழுகிறதா, வெயிலில் திரை தெரிகிறதா என்பதை மட்டும் கடைக்கு வெளியே வந்து நின்று பாருங்கள், கடைக்குள் டியூப்லைட்டில் எல்லாப் போனும் அழகுதான். வயலில் படம் எடுக்கும் வேலை மகனுக்கு, குத்தை விலக்கிப் பிடிக்கும் வேலை உங்களுக்கு. எதை விலக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இதே விஷயமாக வந்த இன்னும் சில கேள்விகள்:

சேற்றில் விழுந்த போனை அரிசி மூட்டையில் புதைத்து வைத்தால் சரியாகுமா?

நானும் புதைத்திருக்கிறேன். அரிசி அப்படி ஒன்றும் ஈரத்தை இழுப்பதில்லை, தூசும் மாவும் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம். ஐபோன் செய்யும் ஆப்பிள் நிறுவனமே 2024-ல் அரிசியில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. உடனே அணையுங்கள். பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். சேற்றைத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாளாவது வையுங்கள். வெயிலில் வேண்டாம். காயும் முன் சார்ஜ் போடவே கூடாது.

'உழவன்' செயலியில் காரைக்கால் விவசாயி மானியத்துக்குப் பதியலாமா?

அது 2018-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த செயலி. அதில் உள்ள மானியப் பதிவு அந்த மாநில விவசாயிகளுக்கு. நாம் புதுச்சேரி ஆட்சிப்பகுதி. உங்கள் பகுதி உழவர் உதவியகத்தில்தான் கேட்க வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது, இந்தப் பக்கம் இல்லையே என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. வருஷம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

டச் போன் இல்லாதவர்கள் சந்தேகம் கேட்க என்ன வழி?

கிசான் கால் சென்டர். 2004 ஜனவரியிலிருந்து நடக்கிறது. 1800-180-1551 என்ற எண்ணுக்கு எந்தப் போனிலிருந்தும் காலை 6 முதல் இரவு 10 வரை இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பதில் சொல்வார்கள். வயலில் நின்றுகொண்டு பேசுங்கள்.

பி.எம். கிசான் பணம் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு பைல் வந்தது. திறக்கலாமா?

திறக்காதீர்கள். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் கட்டாயம் திறக்கக் கூடாது. அது உங்கள் போனுக்குள் புகுந்து ஓ.டி.பி.யைத் திருடும் வேலை. தவறிப்போய்த் திறந்து பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காமல் அந்த நிமிஷமே 1930-க்கு போன் செய்யுங்கள். பிறகு வங்கிக்குப் போங்கள்.